ஒரு கிலோவுக்குள் ஒரு கூரை: இமயமலை நடைக்கு எடை குறைந்த டென்ட்

மணாலிக்கு மேலே ஹம்ப்தா கணவாய் என்று ஒரு நடைபாதை இருக்கிறது. இமயமலையில் முதல்முறை நடக்கப் போகிறவர்கள் பலரும் தேர்ந்தெடுக்கும் பாதை அது. ஜோப்ராவில் தொடங்கி, சிக்கா, பாலு கா கேரா வழியாக ஏறி, சுமார் 4,270 மீட்டர் உயரத்தில் கணவாயைக் கடந்து, ஷியா கோருவில் இறங்கி, சந்திரா ஆற்றங்கரையில் உள்ள சத்ருவில் முடியும். நான்கைந்து நாள் நடை. கணவாய்க்கு இந்தப் பக்கம் குல்லு: காடு, புல்வெளி, ஜூலை ஆகஸ்டில் விடாத மழை. அந்தப் பக்கம் லாஹௌல்: மழை மறைவுப் பகுதி, மரங்கள் அரிது, எங்கும் கல்லும் மண்ணும், பிற்பகல் ஆனால் காற்று. ஒரே டென்ட் இரண்டையும் தாங்கியாக வேண்டும். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அந்தப் பாதையை மனத்தில் வைத்தே பேசுகிறேன். கோடை, மழைக்காலங்களில் அங்கே ஒழுங்காக நிற்கும் டென்ட், பனிக்காலம் தவிர்த்த மற்ற பெரும்பாலான நடைகளுக்கும் போதும்.

எடை எங்கே குறைகிறது

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் இருவர் டென்ட் இரண்டரை கிலோவிலிருந்து மூன்றரை கிலோ வரை இருக்கும். எடை குறைந்த வகையில் ஒருவருக்கானது ஒரு கிலோவுக்குள் முடிந்துவிடும். இருவருக்கானது ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். நாலாயிரம் மீட்டர் உயரத்தில், மூச்சு வாங்க ஏறும்போது, அந்த இரண்டு கிலோ வித்தியாசத்தைத் தோள் ஒவ்வொரு அடியிலும் உணரும்.

ஆனால் அந்த இரண்டு கிலோ சும்மா மறைந்துவிடவில்லை. துணியை மெலிதாக்கினார்கள், கம்பிகளை எடுத்தார்கள், இரண்டு சுவரை ஒன்றாக்கினார்கள், முளைகளைக் குறைத்தார்கள். எடுத்த ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. இனி அந்த வேலை உங்களுடையது. கம்பி இல்லாத டென்ட்டை நிற்கவைப்பது நீங்கள் இழுத்துக் கட்டும் கயிறு. ஒற்றைச் சுவர் டென்ட்டில் ஈரத்தைத் தடுப்பது நீங்கள் தேர்ந்தெடுக்கும் இடம். ஆகவே வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, எவ்வளவு எடை குறையும் என்பதைவிட, எந்தெந்த வேலையைச் செய்ய நான் தயார் என்பதுதான். அதுவரை வெளியில் ஒரு இரவுகூடத் தூங்கிப் பழகாதவர், முதல் நடைக்கு மணாலியிலேயே வாடகைக்கு டென்ட் எடுத்துக்கொள்ளலாம். கனமாகத்தான் இருக்கும். இருந்தாலும் மலையில் ஓர் இரவு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு வாங்குவது, தெரியாமல் வாங்குவதைவிட நல்லது.

விளம்பரத்தில் போடும் எடையை அப்படியே நம்ப வேண்டாம். குறைந்தபட்ச எடை என்று எழுதியிருந்தால் அதில் முளை, இழுகயிறு, பை மூன்றும் பெரும்பாலும் சேராது. மொத்த எடை என்ன என்று தேடிப் பாருங்கள். ஊன்றுகோலில் நிற்கும் டென்ட் என்றால் கோலின் எடையும் அதில் இருக்காது. நடக்கும்போது எப்படியும் கையில் கோல் வைத்திருப்பவருக்கு அது லாபம். கோல் பழக்கமே இல்லாதவர், இரண்டு கோலுக்கு ஏறக்குறைய 400 முதல் 500 கிராம் கூட்டிக்கொண்டு ஒப்பிடட்டும்.

கம்பியா, ஊன்றுகோலா

தானாக நிற்கும் டென்ட் அலுமினியக் கம்பிகளோடு வரும். கம்பியைக் கோத்தால் எழுந்து நின்றுவிடும், தூக்கி இடம் மாற்றலாம், பாறைமேல்கூட வைக்கலாம். பிக் ஆக்னஸ் காப்பர் ஸ்பர், நேச்சர்ஹைக் கிளவுட் அப் ஆகியவை கம்பியில் நிற்பவை. எடை ஒன்றே கால் முதல் ஒன்றே முக்கால் கிலோவுக்குள் அமையும். இவற்றிலும் சில, கால்மாட்டு மூலைகளை முளையடித்து இழுத்தால்தான் முழு வடிவத்துக்கு வரும்.

ஊன்றுகோல் டென்ட் கம்பியே இல்லாமல் வரும். டர்ஸ்டன் எக்ஸ்-மிட், சிக்ஸ் மூன் டிசைன்ஸ் லூனார் சோலோ, ஸீபேக்ஸ் டியூப்ளெக்ஸ் எல்லாம் இந்த வகை. நம் ஊர் டெகாத்லானிலும் ஊன்றுகோலில் நிற்கும் டென்ட் விற்கிறார்கள். எடை பெரிய அளவில் குறைவது இங்கேதான். வாங்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, உங்கள் கோல் அந்த டென்ட் கேட்கும் உயரத்துக்கு நீளுமா. பெரும்பாலானவை 115 முதல் 125 சென்டிமீட்டர் கேட்கும், மடித்து வைக்கும் நிலையான நீளக் கோல்கள் பொருந்தாமல் போகலாம். இரண்டு, டென்ட்டை நிற்கவிட்டு பகலில் வேறெங்காவது நடந்துவர நினைத்தால் கோல் உங்களோடு வராது.

ஹம்ப்தாவுக்கு எது? முளையடிக்கக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஒதுக்கத் தயார் என்றால், இரண்டு கோலில், நீள்சதுர அடிப்பாகத்தோடு, உள்ளே தனி வலையோடு இருக்கும் ஊன்றுகோல் டென்ட்டையே சொல்வேன். நான்கு மூலையை நேராக அடித்துவிட்டால் மீதி தானாக அமைந்துவிடும் வடிவம் அது. புதியவர்களைத் திணறவைப்பது அறுகோண, ஐங்கோண வடிவங்கள்தான். அந்த ஒரு வாரம் கிடையாது என்றால் கூச்சப்படாமல் கம்பி டென்ட் வாங்குங்கள். அரை கிலோ கூடும். மழையில் ஐந்து நிமிடத்தில் உள்ளே இருப்பீர்கள்.

துணி

மூன்று துணிகளைத் தெரிந்துகொண்டால் போதும். சிலிக்கோன் பூசிய நைலான் உறுதியானது, எளிதில் கிழியாதது. ஆனால் நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும். மாலையில் விறைப்பாகக் கட்டிய டென்ட், மழை தொடங்கி ஒரு மணி நேரத்தில் தொய்ந்து நிற்கும். எழுந்துபோய் மறுபடி இழுக்க வேண்டும். சிலிக்கோன் பூசிய பாலியஸ்டர் அந்த அளவுக்குத் தொய்யாது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். அதே எடையில் நைலானைவிட உறுதி சற்றுக் குறைவு. விலையும் கட்டுப்படியாகும். புதியவருக்கு என் பரிந்துரை இதுதான்.

மூன்றாவது டைனீமா கூட்டுத் துணி. 1992இல் அமெரிக்கா கோப்பைப் படகுப் போட்டியில் வென்ற படகின் பாய்களுக்காக உருவான தொழில்நுட்பத்திலிருந்து வந்தது. டைனீமா என்னும் மிக வலுவான பாலிஎத்திலீன் இழைகளை இரண்டு மெல்லிய பாலியஸ்டர் படலங்களுக்கு இடையே வைத்து ஒட்டியிருப்பார்கள். கூரைக்குப் போடும் ரகம் சதுர மீட்டருக்கு 18 கிராம் அளவுதான். தண்ணீரை உறிஞ்சாது, நீளாது. டியூப்ளெக்ஸ் போன்ற இருவர் டென்ட் 550 கிராமுக்குப் பக்கத்தில் நிற்பது இந்தத் துணியால். விலை 600 டாலருக்கு மேல் போகும், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரியும் சேரும். கூரான கல் குத்தினால் ஓட்டை விழும். துணி கொஞ்சமும் இழுபடாததால் கோணலாக அடித்தால் கோணலாகவே நிற்கும். முதல் டென்ட்டாக இதை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

துணி எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைக் கசியாமல் தாங்கும் என்பதைச் சொல்ல, நீர்த்தாங்கு அளவு என்று மில்லிமீட்டரில் ஒரு எண் போட்டிருப்பார்கள். மேல்துணிக்கு 1,200 இருந்தாலே மழைக்குத் தாக்குப்பிடிக்கும். தரைத்துணிக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். முழங்கால் ஊன்றும் இடத்தில் அழுத்தம் கூடி, ஈரத் தரையிலிருந்து தண்ணீர் மேலே கசியும்.

உள்ளே வேர்ப்பது

டென்ட் ஒழுகுகிறது என்று பலர் சொல்வது, பெரும்பாலும் ஒழுகல் கிடையாது. நம் மூச்சுதான். இரவு முழுக்க வெளிவிடும் ஈரம், குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாகிறது. மேகமில்லாத இரவில் துணி தன் சூட்டை வானத்துக்கு இழந்து, சுற்றியிருக்கும் காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். அப்போது இன்னும் அதிகமாக வேர்க்கும். எந்த விலை டென்ட்டும் இதற்கு விலக்கில்லை.

இரட்டைச் சுவர் என்றால் உள்ளே ஒரு வலை, மேலே மழைத்துணி. துளி மழைத்துணியின் உட்புறம் படியும். வலை உங்களையும் தூக்கப்பையையும் அதிலிருந்து தள்ளிவைக்கும். ஒற்றைச் சுவரில் அந்த இடைவெளி இல்லை. கால்மாட்டில் தூக்கப்பை உரசினால் நனையும். இறகு அடைத்த பை நனைந்தால் சூடு போய்விடும், நாலாயிரம் மீட்டரில் அது விளையாட்டு விஷயமில்லை. ஈரம் மிகுந்த குல்லு பக்கத்தில் இரண்டு இரவு தங்க வேண்டியிருப்பதால் இரட்டைச் சுவரே நிம்மதி. 200 கிராம் கூடினாலும் பரவாயில்லை.

எந்த டென்ட் ஆனாலும் குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடிக்கொள்ளாதீர்கள். மேலே உள்ள காற்றுத்திறப்பு திறந்தே இருக்கட்டும். மழை இல்லாவிட்டால் காற்று வராத பக்கத்துக் கதவைப் பாதி திறந்துவையுங்கள். நனைந்த சாக்ஸும் மழைக்கோட்டும், மழைத்துணிக்கு அடியில் படுக்கும் இடத்துக்கு வெளியே உள்ள வெளிமுற்றத்தில் கிடக்கட்டும். அடுப்பை உள்ளே பற்றவைக்கவே வேண்டாம். ஈரம் ஒரு காரணம். இந்த மெல்லிய துணி நொடியில் உருகிப் பற்றிக்கொள்ளும் என்பது இன்னொன்று. மூடிய இடத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும் என்பது எல்லாவற்றிலும் பெரியது.

உள்ளே எவ்வளவு இடம் வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆறடி ஆள் தடித்த மெத்தைமேல் தூக்கப்பைக்குள் படுத்தால், சாய்ந்த சுவரில் தலையும் காலும் இடிக்காமல் இருக்க 220 சென்டிமீட்டருக்கு மேல் நீளம் வேண்டும். சாதாரண மெத்தை 51 சென்டிமீட்டர் அகலம், அகலமானது 64. இருவர் டென்ட் 130 சென்டிமீட்டர் என்றால் இரண்டு மெத்தை மட்டும்தான் கொள்ளும், பைகள் வெளியே. ஒருவரே போவதென்றாலும் கொஞ்சம் தாராளமான ஒருவர் டென்ட் எடுங்கள். மழையில் ஒரு பகல் முழுக்க உள்ளேயே உட்கார நேர்ந்தால் அதன் அருமை தெரியும்.

மலைக்கு முன் மொட்டைமாடி

டென்ட் வந்ததும் முதலில் தையல்களைப் பாருங்கள். உட்புறம் தையல்மேல் நாடா ஒட்டியிருந்தால் வேலை இல்லை. சிலிக்கோன் பூசிய துணியில் பல நிறுவனங்கள் நாடா ஒட்டுவதில்லை. நீங்களே அடைக்க வேண்டும். சிலிக்கோன்மேல் சிலிக்கோன் தவிர வேறு எதுவும் ஒட்டாது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நிறமற்ற சிலிக்கோன் பசையைக் கொஞ்சம் டர்பன்டைனில் கரைத்து, சின்ன பிரஷ்ஷால் தையல் ஓரம் மெல்லிசாகப் பூசி, ஒரு நாள் காயவிடுங்கள். மடிக்கும் முன் லேசாக டால்கம் பவுடர் தூவினால் ஒன்றோடொன்று ஒட்டாது. இதைக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

பிறகு அடித்துப் பழகுங்கள். முளை இறங்கும் மண் இருந்தால் நல்லது, ஊரில் களத்துமேடு இருந்தால் இன்னும் நல்லது. நகரத்தில் மொட்டைமாடிதான் என்றால் முளைக்குப் பதில் நிரம்பிய தண்ணீர் கேன்களைக் கட்டுங்கள். விளக்கத்தாளைப் பார்த்து ஒருமுறை, பார்க்காமல் ஒருமுறை, இருட்டில் தலைவிளக்கோடு ஒருமுறை. கடைசியாகக் குழாயை மேலே திருப்பி அரைமணி நேரம் தண்ணீர் அடித்துவிட்டு, உள்ளே போய்த் தையல்களைத் தடவிப் பாருங்கள். ஓர் இரவு அதிலேயே தூங்கியும் பார்க்கலாம்.

முளைகளில் கஞ்சத்தனம் வேண்டாம். பல டென்ட்டுகளோடு வரும் மெல்லிய கொக்கி முளைகள் காட்டு மண்ணில் நிற்கும், தளர்ந்த மண்ணில் பிடுங்கிக்கொள்ளும். மூன்று இறக்கை கொண்ட அலுமினிய முளை ஒன்று 13 கிராம் அளவுதான். ஊன்றுகோல் டென்ட்டின் மூலைகளுக்கும், உச்சியிலிருந்து இழுத்துக் கட்டும் தலைப்புக் கயிறுகளுக்கும் அதையே போடுங்கள். கூடவே இரண்டு மில்லிமீட்டர் கயிறு பத்து மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். லாஹௌல் பக்கம் அது இல்லாமல் சமாளிப்பது கடினம்.

விமானத்தில் போகிறவர்கள் முளையையும் கோலையும் செக்-இன் பையில் போட்டுவிடுங்கள். அடுப்பு வாயுக் குப்பியை விமானத்திலும் ரயிலிலும் கொண்டுபோகக் கூடாது, மணாலியில் வாங்கிக்கொள்ளலாம்.

இடம் பார்ப்பது

நல்ல இடத்தில் சுமாராக அடித்த டென்ட், மோசமான இடத்தில் அழகாக அடித்த டென்ட்டைவிட வசதியானது. அதனால் தங்கும் இடத்தை அடைந்ததும் பையை இறக்கிவைத்துவிட்டு, பத்து நிமிடம் சுற்றி நடந்து பாருங்கள்.

முதலில் தலைக்கு மேலே. காய்ந்த கிளை, சரிவில் தளர்ந்து நிற்கும் பாறை, புதிதாக உருண்டு வந்த கற்கள் கிடக்கும் இடம், மூன்றையும் விட்டு விலகுங்கள். அடுத்து தண்ணீர். பாலு கா கேராவில் ஓடையை ஒட்டி மணல் திட்டு சமமாக இருக்கும், கண்ணை இழுக்கும். மலை ஓடைகள் காலையில் ஒடுங்கி, பனி உருகும் பிற்பகலில் பெருகும். மேலே மழை பெய்தால் சொல்லாமல் ஏறும். கரையிலிருந்து அறுபது எழுபது மீட்டராவது தள்ளி, உயரமான இடத்தில் அடியுங்கள். ஓடையும் அசுத்தமாகாது, உள்ளே வேர்ப்பதும் குறையும். பள்ளத்தாக்கின் அடி இரவில் குளிர்காற்று வந்து தேங்கும் இடம். பத்து இருபது மீட்டர் மேலே ஒரு மேடை கிடைத்தால் அது கதகதப்பாகவும் ஈரம் குறைவாகவும் இருக்கும். அதற்காக முகட்டின் உச்சிக்குப் போய்விட வேண்டாம், அங்கே காற்றும் இடியும்.

தரையில் குழிவு இருக்கிறதா என்று பாருங்கள். பல டென்ட்டுகள் அமுக்கி அமுக்கிக் கெட்டியான, நடுவில் பள்ளமான இடத்தில் மழைத்தண்ணீர் குளமாக நிற்கும். மெலிதான சரிவு நல்லது, தலை மேட்டுப் பக்கம். டென்ட்டைச் சுற்றிக் கால்வாய் தோண்டும் பழைய பழக்கம் வேண்டாம். புல் பெயர்ந்தால் அந்த உயரத்தில் மறுபடி மூட வருஷங்கள் ஆகும்.

எங்கே தங்கலாம் என்ற விதிகளையும் விசாரியுங்கள். சத்ருவுக்கு அப்பால் உள்ள சந்திரதால் ஏரிக்கரையில் டென்ட் அடிக்க அனுமதி இல்லை, முகாம்கள் தள்ளியே இருக்கின்றன. உத்தரகண்டின் புல்வெளிகளில் இரவு தங்குவதற்கு அந்த மாநில உயர் நீதிமன்றம் 2018இல் தடை விதித்தது. தமிழ்நாட்டுக் காடுகளிலும், 2018 மார்ச்சில் குரங்கணியில் தீ உயிர்களைப் பறித்த பிறகு, மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டில் இரவு தங்க நினைக்கவும் கூடாது.

கூடாரம் அடிப்பது

இரண்டு கோல், நீள்சதுர அடி கொண்ட டென்ட்டை வைத்துச் சொல்கிறேன்.

தரையில் கல், முள், குச்சிகளைப் பொறுக்கி எடுங்கள். தரைத்துணிக்குக் கீழே ஒரு தடித்த பாலித்தீன் தாளை விரிக்கலாம். டென்ட்டின் அடியைவிட எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் சிறிதாக வெட்டியிருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை வாங்கி உங்களுக்கு அடியில் சேர்த்துவிடும்.

காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பகலில் பள்ளத்தாக்கில் மேல்நோக்கி வீசும், இரவில் திரும்பி மேலிருந்து கீழே இறங்கும். கதவைக் காற்றுக்குக் காட்டாமல், ஒடுக்கமான பக்கத்தைக் காட்டுங்கள். ஜிப்புகளை மூடிவிட்டு முதல் மூலையை, காற்று வரும் பக்கத்தில், அடியுங்கள். மழைத்துணி பறந்துபோகாமல் இருக்க இதுதான் வழி. அடுத்த மூலையை நேராக இழுத்து அடித்து, மற்ற இரண்டையும் செங்கோணம் வருமாறு அடியுங்கள். நான்கும் சரியான நீள்சதுரமாக வந்துவிட்டதா என்று ஒருமுறை நின்று பாருங்கள். கோணலாக இருந்தால் இப்போதே பிடுங்கி மாற்றுங்கள், கோல் ஏறியபின் திருத்துவது இரட்டை வேலை. பிறகு கோல்களை உள்ளே நிறுத்தி உயரத்தைக் கூட்டுங்கள். துணி சுருக்கமில்லாமல் விறைக்கும். கடைசியாகத் தலைப்புக் கயிறுகளைக் கட்டி முளையடியுங்கள்.

முளையின் தலை டென்ட்டைவிட்டு வெளிப்பக்கம் சாய்ந்தும், கூர் டென்ட்டை நோக்கியும் இறங்க வேண்டும். கயிறும் முளையும் ஏறக்குறைய செங்கோணத்தில் இருந்தால் பிடி உறுதி.

ஷியா கோருவிலும் சத்ருவிலும் முளை பாதி இறங்கியதும் கல்லில் முட்டி நின்றுவிடும். பலமாக அடித்து வளைக்காதீர்கள். கொண்டுவந்த கயிற்றை டென்ட்டின் மூலை வளையத்தில் கட்டி நீட்டுங்கள். மறுமுனையில் ஒரு சுருக்குப் போட்டு, தேங்காய் அளவுக் கல் ஒன்றைக் கோத்துத் தரையில் வையுங்கள். அந்தக் கல்லுக்கும் டென்ட்டுக்கும் இடையே, கயிற்றின்மேல், நீங்கள் சிரமப்பட்டுத் தூக்கக்கூடிய பெரிய கல்லை வையுங்கள். காற்று இழுக்க இழுக்கச் சின்னக் கல் பெரிய கல்லின்மேல் முட்டி இறுகும். டென்ட் வளையத்தையே கல்லுக்கு அடியில் கொடுத்தால் உரசி அறுந்துவிடும். கயிறு இருந்தால் அறுவது கயிறு மட்டுமே. காலையில் கற்களை எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள்.

தூங்கப் போகும் முன் எல்லாக் கயிற்றையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். நைலான் என்றால் மழை தொடங்கி அரைமணியில் இன்னொரு முறை. கோல் உயரத்தை உள்ளிருந்தே இரண்டு சென்டிமீட்டர் கூட்டினால் பல நேரம் அதுவே போதும். பருவம் தவறிய பனியும் விழலாம். 2023 ஜூலையில் சந்திரதால் பக்கம் அப்படிப் பனி பெய்து, நூற்றுக்கணக்கானோர் சிக்கி மீட்கப்பட்டார்கள். பனி விழுந்தால் சுவரை உள்ளிருந்து அவ்வப்போது தட்டி உதிருங்கள். எடை ஏறினால் இந்த டென்ட் தாங்காது.

விடிந்ததும் எழுந்த கையோடு மெல்லிய துண்டால் உட்புறத் துளிகளைத் துடைத்துப் பிழியுங்கள். நனைந்த மேல்துணியைத் தனியாகச் சுருட்டிப் பையின் வெளிப்பக்கம் வைத்து, மதியம் சாப்பிட நிற்கும்போது பாறைமேல் விரித்தால் சற்று நேரத்தில் காய்ந்துவிடும். அதைத் தவிர வெயிலில் நெடுநேரம் விட வேண்டாம். உயரத்தில் புற ஊதாக்கதிர் கடுமை, துணி நைந்துபோகும்.

கிழிசல் விழுந்தால் துணிக்கேற்ற ஒட்டு வேண்டும். சிலிக்கோன் துணிக்குச் சிலிக்கோன் பசையும் அதே துணித்துண்டும், டைனீமாவுக்கு அதற்கென்று விற்கும் ஒட்டுநாடா. இரண்டும் சேர்ந்தும் சில கிராம்தான். ஜிப் சிக்கினால் முதலில் மணலைக் கழுவுங்கள். பல்லில் மணலோடு இழுத்தால்தான் ஜிப் தேய்ந்து கெடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கையால் அலசி, நிழலில் முழுக்கக் காயவைத்து, சின்னப் பையில் திணிக்காமல் பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போட்டுவையுங்கள். சலவை இயந்திரம் கூடாது. சென்னை, தூத்துக்குடி போலக் கடலோர ஊரில் இருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருங்கள். பாலியூரித்தேன் பூச்சு உள்ள துணி, ஈரக்காற்றில் வருஷக்கணக்கில் கிடந்தால் பிசுபிசுத்து, புளித்த நாற்றம் வரும். அதற்குப் பிறகு அந்தப் பூச்சைக் காப்பாற்ற முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து விரித்து, காற்றாட விட்டு, தையல்களைத் தடவிப் பார்த்து, முளைகளை எண்ணித் திரும்ப வையுங்கள்.